நூடில்ஸ் சூப்பும் நம் வீட்டு மாசியும்

அப்புத்தளையில் பிற்பகலிலேயே பனிமூட்டம் மலையேறி வந்துவிடும். அத்தகைய ஒரு மாலையில், மேலதிக வகுப்பு முடிந்து வெளியே வந்த மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வெற்றுப் பக்கற்றைக் காட்டி, “ஐயா, மேலே இறாலின் படம் இருக்கிறது, உள்ளே இறாலைக் காணவில்லையே!” என்றான். உடனிருந்தோர் நகைத்தனர். நானும் நகைத்தேன். ஆயினும் வீடு வந்து சேரும்வரை அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. அன்று பகல் அவன் உண்டது அந்த ஒரு பக்கற் நூடில்ஸ் மாத்திரமே என்பதைப் பின்னர் அறிந்தேன்.

பக்கற் நூடில்ஸைப் பழிப்பது என் நோக்கமன்று. 1958 ஆம் ஆண்டில் மொமொபுக்கு அண்டோ என்பார் யப்பானில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, போருக்குப் பிந்திய பசியே அவர் நினைவில் இருந்தது. ஆனால் அந்நாட்டிலேயே அதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் முன்னர்ப் பிறந்த வேறொரு நூடில்ஸ் சூப் உண்டு. அதன் பெயர் சாம்பொன். சீனத்துப் பூசியான் மாகாணத்திலிருந்து நாகசாக்கித் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்த சென் பிங்சுன் என்பவர், 1899 இல் அங்கு சிக்காய்ரோ என்னும் உணவுச்சாலையைத் தொடங்கினார். கல்வி கற்க வந்து கையிற் காசின்றி வாடிய சீன மாணவர்களுக்கு மலிவாகவும் ஊட்டமாகவும் ஒரு வேளை உணவு அளிக்க எண்ணி, இறால், கணவாய், கோவா முதலிய மலிவாகக் கிடைத்தவற்றை வதக்கி, சூப் வார்த்து, நூடில்ஸை அதிலேயே வேகவைத்துப் பரிமாறினார். மாணவர் பசிக்காகப் பிறந்த பண்டம் என்பதனாலேயே அதனை இவ்வாரம் இப்பகுதிக்குத் தேர்ந்தேன்.

‘மலைக் கணவாயில் வாழும் நமக்குக் கடற் கணவாய் எங்ஙனம் கிட்டும்?’ என வாசகர்கள் வினவலாம். கிட்டாவிடினும் குறைவில்லை. யப்பானியர் தம் சூப்புகளுக்கு ஆதாரமாகக் கொள்ளும் சாற்றைத் ‘தாசி’ என்பர். அதற்குரிய முதன்மைப் பொருள்களுள் ஒன்று ‘கட்சுவோபுசி’. சூரை மீனை அவித்து, புகையிட்டு, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி எடுப்பது. இதைக் கேட்டவுடனே நம் இல்லத்தரசிகள், “இது நம் மாசியல்லவா?” என்பர். உண்மையே. மாலைதீவார் அதே சூரையை அவித்துப் புகையிட்டு உலர்த்தியதே நம் கடைகளில் தொங்கும் மாசி. 14 ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் தங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, மீனை அவித்துப் புகையிடும் இம்முறையையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏற்றுமதியானதையும் தம் பயண நூலிற் குறித்துள்ளார். யப்பானியர் தேடும் சுவை நம் சம்பலில் எந்நாளும் இருந்து வருகின்றது.

அச்சுவைக்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு. 1908 இல் தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா, ‘கொம்பு’ என்னும் கடற்பாசியிலிருந்து குளுத்தமேற்று என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். 1913 இல் அவர் மாணவர் கொடாமா, கட்சுவோபுசியில் உள்ள இனோசினேற்று என்னும் பொருளைக் கண்டறிந்தார். இவ்விரண்டும் ஒன்று சேரின் சுவை பன்மடங்கு பெருகும். கொம்பு நம் ஊரிற் கிடையாது. ஆனால் பழுத்த தக்காளியிற் குளுத்தமேற்று உண்டு. ஆகவே மாசியும் தக்காளியும் சேர்ந்தால் நம் அடுப்பிலும் அதே கூட்டு அமைந்துவிடும்.

இனி, நால்வருக்கான செய்முறையைக் கூறுவேன். என் இல்லாள் இருமுறை திருத்திய பின்னரே இதனை அச்சுக்கு அனுப்பினேன்.

முதலில் நூடில்ஸ். இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடாவை உலர்ந்த இரும்புச் சட்டியில் இட்டு, இளந்தீயில் இருபது நிமிடம் கிளறி வறுக்கவும். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேற, அது சோடியம் காபனேற்று ஆகிவிடும். நிறையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். சாம்பொன் நூடில்ஸுக்கு நிறமும் உறுதியும் தருவது இக்காரமே. வறுத்ததை ஈரக்கையால் தொடாதீர்கள், தோலை அரிக்கும். இதில் மட்டமாக ஒரு தேக்கரண்டியும், உப்பு ஒரு தேக்கரண்டியும் 170 மில்லிலீற்றர் நீரிற் கரைத்து, 400 கிராம் கோதுமை மாவிற் சிறிது சிறிதாக விட்டு இறுக்கமாகப் பிசையவும். ஈரத்துணியால் மூடி ஒரு மணி நேரம் வைத்தபின், மெல்லியதாகத் தேய்த்து, மாத் தூவி மடித்து, கத்தியால் ஒடுக்கமாக அரியவும். ‘இடியப்ப உரலிற் பிழியலாகாதோ?’ எனின், ஆகாது. இடியப்பத்துக்கு மாவை முன்னரே அவித்துக்கொள்வதால் அதன் பசை இழுபடுவதில்லை. பச்சை மாவின் பசையோ உரலுக்கு அடங்காது. நேரமில்லாதோர் கடையில் விற்கும் வெறும் நூடில்ஸை வாங்கலாம்.

அடுத்து, சாறு. நெத்தலிக் கருவாடு 40 கிராம் எடுத்துத் தலையையும் குடலையும் நீக்கவும். அவையே கசப்புத் தருவன. உப்பு நீங்கக் கழுவி, ஒன்றரை லீற்றர் நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பின் மெல்லக் காய்ச்சி, கொதி வந்ததும் தீயைத் தணித்துப் பத்து நிமிடம் வைக்கவும். இடித்த மாசி இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, இரண்டு நிமிடத்தில் இறக்கி மூடி, சற்றுப் பொறுத்து வடிக்கவும். வடித்த நெத்தலியை எறிந்துவிட வேண்டாம். வெங்காயத்துடன் பொரித்தால் மறுவேளைக்கு நல்ல துணைக்கறி. முள்ளோடு உண்ணப்படும் சிறுமீனிற் கல்சியம் மிகுதி.

அகன்ற சட்டியில் எண்ணெய் காய்ந்ததும், நறுக்கிய இஞ்சி, உள்ளி, பின் இறாலோ கணவாயோ 200 கிராம் இட்டுப் பெருந்தீயில் ஒரு நிமிடம் புரட்டவும். இவை அகப்படாதபோது டின் மீன் போதும். அதனை இறுதியிற் சேர்த்தால் உடையாது. கோவா, கரட், லீக்ஸ், முளைவிட்ட பயறு ஆகியவற்றை இரண்டு கையளவு சேர்த்து வதக்கி, தக்காளி இரண்டை நறுக்கியிட்டு, சாற்றை வார்த்துக் கொதிக்க விடுங்கள். நூடில்ஸை அதிலேயே உதிர்த்துப் போடவும். கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேலுள்ள நம் ஊரில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொழும்பில் வேகும் நேரம் இங்கு போதாது. மூன்று நிமிடத்தின் பின் ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். கருவாட்டில் உப்பு உண்டாதலால், ருசி பார்த்த பின்னரே உப்பு இடவும், மேலே மிளகுத்தூள்.

ஓர் எச்சரிக்கை. பச்சைமீன் தென்கரையிலிருந்து வெல்லவாய, பெரகல வழியாக மலையேறி வருவது. கண் தெளிந்து, செவுள் சிவந்து இருந்தாலன்றி வாங்காதீர்கள். பழுதுற்ற சூரையில் உண்டாகும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நீங்காது. சந்தேகமுள்ள பச்சைமீனைவிட நன்கு உலர்ந்த கருவாடே மேலானது.

வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் இல்லங்களும் மனந்தளர வேண்டா. யப்பானியப் பௌத்த மடங்களிற் கடற்பாசியையும் உலர்ந்த காளானையும் ஊறவைத்தே சாறு எடுக்கின்றனர். நாம் உலர்ந்த காளானோடு தக்காளியைச் சேர்த்தால் மரக்கறிச் சூப் ஆயிற்று.

இத்துணை விரிவாக ஏன் எழுதினேன்? 2016 ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்பகுதியில் நூற்றுக்கு 32 பேர். அதிகாலையிற் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய்க்கு மாப் பிசைய ஓய்வு எங்கே என்பதை நான் அறியாதவனல்லன். ஒரு சூப்பினால் இக்குறை தீருமெனவும் சொல்லேன். கூலியும் வீடும் நீரும் செப்பமுற வேண்டிய பெருங்காரியம் அது. ஆயினும் பக்கற் நூடில்ஸே வேகும் நாளிலும், ஒரு பிடி நெத்தலியும் ஒரு பிடி கோவாவும் அதனுடன் வெந்தால், குழந்தையின் கோப்பையில் மீனின் மணத்தோடு மீனும் இருக்கும்.

சென்ற ஞாயிறு அம்மாணவனையும் அவன் தம்பியையும் வீட்டுக்கு அழைத்திருந்தோம். கோப்பையைக் கிளறிப் பார்த்த தம்பி, “அண்ணே, இதில் இறால் இருக்கிறது!” என்று கூவினான். நெத்தலிப் பொரியலை இருவருமாக முடித்துவிட்டார்கள். மறுவேளைக்கு எங்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.