காத்துல போற படகுக்கு மோட்டார் எதுக்கு?

"பாய்மரப் படகு வாங்கியிருக்கேன்"னு ஊருக்கு போன் போட்டுச் சொன்னப்ப மாமா கேட்ட முதல் கேள்வி, "காத்துல போற படகுக்கு எதுக்கு மாப்ளே மோட்டாரு?" நியாயமான கேள்விதான். பதில் எனக்கே ஒரு ஜூலை சாயங்காலம்தான் புரிஞ்சது.

நம்மளோடது பழைய கேட்டலினா 22. சுமார் ஒரு டன் எடை. பெர்க்லியில கட்டி வச்சிருக்கேன். வெயில்காலத்துல மதியத்துக்கு மேல கோல்டன் கேட் வழியா நுழையற மேல்காத்து நேரா இங்கதான் வந்து முட்டும். அன்னிக்கு பாயை இறக்கிட்டு, மோட்டாரைக் கிளப்பி, துறைக்குள்ள நுழையப் போறோம். கூட பையனும் இருந்தான். ஒவ்வொரு அலைக்கும் படகோட பின்பக்கம் தூக்க, புரொப்பெல்லர் தண்ணியை விட்டு வெளிய வந்து 'வ்வ்ர்ர்ர்'னு கத்துது. படகு நகரல. "அப்பா, பாறை கிட்ட வருது"ன்னான் பையன். முன்பாயை அவசரமா ஏத்தித் தப்பிச்சோம்.

மோட்டார் என்னமோ 9.9 குதிரைசக்தி! "பெருசா இருந்தா நல்லதுதானே"ன்னு வித்தவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஷாஃப்ட் வெறும் 15 இன்ச்னு ரெண்டு பேருமே பார்க்கல.

அதனால சொல்றேன் மக்களே, குதிரையை எண்ணாதீங்க, ஷாஃப்டை அளங்க. இந்த மாதிரிப் படகுக்கு 20 இன்ச் வேணும், அலை அடிக்கிற இடம்னா 25. வேகத்தைப் படகோட நீளம்தான் தீர்மானிக்குது. தண்ணி மட்டத்துல நம்ம படகு 19.3 அடி. அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல பெருக்கினா 5.9 நாட். அதுக்கு மேல என்ன முறுக்கினாலும் பின்பக்கம் அமுங்குமே தவிர வேகம் வராது. டன்னுக்கு 4 குதிரைங்கறது பாய்மரக்காரங்க கணக்கு. அதுலயும் பிட்ச் குறைவான புரொப்பெல்லரா வாங்குங்க. லோடு லாரி மலையேற முதல் கியர் போடற மாதிரிதான் அது.

எடையையும் பாருங்க. 6 குதிரை மோட்டார் சுமார் 26 கிலோ, என்னோட 9.9 சுமார் 40 கிலோ. அத்தனையும் படகோட வாலுல தொங்குது.

மின்மோட்டாரா? ஏரிக்கு அருமை. சத்தமில்ல, புகையில்ல. ஆனா 1 கிலோவாட் மோட்டாரை முழு வேகத்துல ஓட்டினா 1.3 கிலோவாட்-அவர் பேட்டரி ஒன்றேகால் மணிநேரம்தான் தாங்கும். கோல்டன் கேட் பக்கம் காத்து செத்துப்போய், 4 நாட் நீரோட்டம் கடலுக்கு இழுக்கறப்ப எனக்கு அந்தக் கணக்கு பயமா இருக்கு. இன்னிக்கும் என் ஓட்டு பெட்ரோலுக்குத்தான்.

இப்ப நான் வச்சிருக்கறது 6 குதிரை, 25 இன்ச். ஒருதரம்கூட தண்ணியை விட்டு எழும்பல. ஆனா பையன் மறுபடி படகுல ஏற ஒரு வருஷம் ஆச்சு. மாமாவுக்கும் பதில் சொல்லிட்டேன்: "போறதுக்கு இல்ல மாமா, திரும்பி வர்றதுக்கு."

பி.கு: கலிபோர்னியா பெட்ரோல்ல 10% எத்தனால் இருக்கு. மாசக்கணக்குல நிறுத்தி வச்சா கார்புரேட்டர் அடைச்சுக்கும். கரை வந்ததும் பெட்ரோல் குழாயைக் கழட்டிட்டு, தானா நிக்கற வரைக்கும் ஓடவிடுங்க.