பாப்ளர் மக்கள் அளித்த தீர்ப்பு

சென்ற முறை இந்நகரில் நகரசபைத் தேர்தல் நடந்த அன்று விடுமுறை. காலையில் காப்பி அருந்தியபடி குடியிருப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியவர், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், "என்ன தம்பி, ஓட்டுப் போடப் போகவில்லையா?" என்று கேட்டார். நமது பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது என்றோம். "எனக்கும் அப்படியேதான். வந்து முப்பது வருஷமாயிற்று. நாம் பிழைக்க வந்தவர்கள், தம்பி. இந்த ஊர்ச் சாக்கடைக்கு யார் மெம்பரானால் நமக்கென்ன?" என்றார் அவர். நாமும் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டோம்.

அந்தச் சிரிப்பு சரிதானா என்ற ஐயம் சில மாதங்களாக நம்மை அரித்து வருகிறது. அதற்குக் காரணம், லண்டன் மாநகரின் ஒரு மூலையில் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு ஸ்தல ஸ்தாபனத் தேர்தல். அதன் முடிவையும், அம்முடிவுக்குப் பின் நடந்தவற்றையும் இம்மாதம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தேம்ஸ் நதியின் வடகரையில், லண்டனின் கிழக்குக் கோடியில் இருப்பது பாப்ளர். அக்காலத்தில் லண்டன் 28 நகர்ப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சபை உண்டு. தனி மேயர் உண்டு. பாப்ளர் அவற்றுள் மிக வறிய பகுதிகளில் ஒன்று. நம் நாட்டுத் தேயிலையையும் வாசனைச் சரக்குகளையும் சுமந்து சென்ற கப்பல்கள் நின்ற கிழக்கிந்தியத் துறை அங்கேதான் இருந்தது. பகல் முழுவதும் மூட்டை சுமந்தாலும் அங்குள்ள தொழிலாளிக்கு மறுநாள் வேலை நிச்சயமில்லை. விடியற்காலையில் துறைமுக வாயிலில் கூடி நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டியவருக்கு அன்று கூலி, மற்றவருக்குப் பட்டினி.

முதல் உலக யுத்தத்தின் காரணமாக 1912-க்குப் பிறகு அங்கே நகர்ப் பகுதித் தேர்தல்கள் நடைபெறவில்லை. யுத்தம் முடிந்து, 1919-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தேர்தல் வந்தது. பாப்ளர் சபையில் மொத்த ஸ்தானங்கள் 42. அவற்றுள் 39 ஸ்தானங்களைத் தொழிற் கட்சி கைப்பற்றியது. ஜார்ஜ் லான்ஸ்பரி என்பவர் அப்பகுதியின் முதல் தொழிற் கட்சி மேயரானார். 'டெய்லி ஹெரால்ட்' பத்திரிகையின் ஆசிரியர் அவர். இளமையில் ரயில்வேக்கு நிலக்கரி இறக்கும் வேலை செய்தவர். வெற்றி பெற்ற அங்கத்தினர்களில் துறைமுகத் தொழிலாளர், தபால் ஊழியர், ரயில்வே ஊழியர் எனப் பலர் இருந்தனர். பகலில் சிக்னல் விளக்கையும் தபால் பையையும் தூக்கியவர்கள் மாலையில் சபை மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள் என்று படித்தபோது, ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு உள்ளூர ஒரு பெருமிதம் எழுந்ததை மறைப்பானேன்?

அதே தேர்தலில் பக்கத்துப் பகுதியான ஸ்டெப்னியிலும் தொழிற் கட்சியே வென்றது. அங்கே மேயராக அமர்ந்தவர் கிளமெண்ட் அட்லி. 1947-இல் பாரதம் விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருந்தவர் இவரே. சாக்கடைத் தேர்தல் என்று நாம் எள்ளி நகையாடும் படிக்கட்டிலேதான் அவரும் முதல் அடி வைத்தார்.

இனி, பாப்ளர் சபை எதிர்நோக்கிய சங்கடத்தைப் பார்ப்போம். அந்நாட்டில் ஸ்தல ஸ்தாபனத்தின் வருமானம் வீட்டு வரியை நம்பியது. அவ்வரி கட்டிடத்தின் மதிப்பைப் பொறுத்தது. மாளிகைகளும் பெரிய வியாபார நிலையங்களும் நிறைந்த மேற்கு லண்டனில், பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டாலே பெருந்தொகை சேர்ந்துவிடும். குச்சு வீடுகள் நிறைந்த பாப்ளரில் அதே ஒரு பென்னி வரியில் கிடைப்பது அற்பத் தொகை. ஆனால் வேலையற்றோருக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டிய நிவாரணச் செலவை அந்தந்தப் பகுதியே பெரும்பாலும் சுமக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம்.

இரண்டு கூட்டுக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் சம்பாதிப்பவர் பத்துப் பேர், நோயாளி ஒருவர். மற்றொன்றில் சம்பாதிப்பவர் ஒருவர், நோயாளிகள் பத்துப் பேர். அவரவர் வீட்டு நோயாளிக்கு அவரவரே மருந்து வாங்கட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும்; கணக்கெழுதிப் பார்த்தால்தான் அதன் கொடுமை விளங்கும். யுத்தம் முடிந்த சூட்டோடு வியாபார மந்தம் வந்தது. துறைமுக வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர் தொகை பெருகியது. நிவாரணம் கொடுக்க வேண்டுமானால் வரியை உயர்த்த வேண்டும். அந்த வரியைச் செலுத்த வேண்டியவர்களோ வேலையிழந்தவர்களும் அவர்களுடைய அண்டை வீட்டாருமே.

இது போதாதென்று, லண்டன் முழுவதற்கும் பொதுவான கவுண்டி கவுன்சில், போலீஸ், தண்ணீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய வாரியம் ஆகியவற்றுக்கும் பாப்ளர் சபையே தன் மக்களிடம் வரி வசூலித்துக் கட்ட வேண்டியிருந்தது. 1921-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தன் சொந்தச் செலவுக்கும் ஏழைகளின் நிவாரணத்துக்கும் மட்டும் வரி வசூலிப்பது, பொது ஸ்தாபனங்களுக்குரிய பங்கை வசூலிப்பதில்லை என்பதே அது. லண்டன் முழுவதும் சமமாகப் பங்கிட்டுச் சுமந்தாலன்றி இந்தப் பாரத்தைத் தாங்க இயலாது என்று அவர்கள் வாதித்தார்கள்.

விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. ஜூலை 29-ஆம் தேதி அங்கத்தினர்கள் வண்டியேறிக் கோர்ட்டுக்குப் போகவில்லை. பாண்டு வாத்தியம் முன் செல்ல, சபையின் செங்கோலை ஏந்தியவர் நடக்க, பொதுமக்கள் சுமார் 2,000 பேர் சூழ, கால்நடையாகவே சென்றார்கள். பாப்ளர் சபை ஹைகோர்ட்டுக்குப் போகிறது, ஒருவேளை சிறைக்கும் போகலாம் என்று பதாகையிலேயே எழுதியிருந்தார்கள். வரியை வசூலிக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. அவர்கள் மறுத்தார்கள். கோர்ட்டை அவமதித்த குற்றத்துக்காக, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் 30 பேர் கைது செய்யப்பட்டனர். ஆடவர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்கள் ஹாலோவே சிறைக்கும் சென்றனர். தண்டனைக் காலம் இவ்வளவு என்று வரையறுக்கப்படவில்லை. பணிந்தால் விடுதலை, பணியும் வரையில் சிறைவாசம்.

அந்தப் பெண்களில் நெல்லி கிரெஸால் என்பவர் அப்போது நிறைமாத கர்ப்பிணி. அவரை முன்னதாகவே விடுவிக்க அதிகாரிகள் இணங்க வேண்டியதாயிற்று. சிறைக்குள்ளிருந்த மற்றவர்களோ சபைக் கூட்டம் நடத்த அனுமதி கேட்டுப் பெற்றார்கள். பெண் அங்கத்தினர்கள் ஹாலோவேயிலிருந்து வண்டியில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வரப்பட்டார்கள். பாப்ளர் நகரசபை சிறைக்குள்ளேயே கூடியது. வெளியே மக்கள் கூட்டம் கலையவில்லை. பக்கத்துப் பகுதிகளான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் தாமும் அவ்வாறே செய்வதாகத் தீர்மானம் போட்டன. ஆறு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 12-ஆம் தேதி, கோர்ட்டு அவர்களை விடுவித்தது. அவ்வாண்டே பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, ஏழை நிவாரணச் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது.

சட்டத்தை மீறியது சரிதானா என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அன்றைக்கு அவர்களுடைய கட்சியிலேயே இக்கேள்வி எழுந்தது. பக்கத்திலிருந்த ஹாக்னியின் மேயர் ஹெர்பர்ட் மாரிஸன் அதே தொழிற் கட்சிக்காரர். இந்த முறையை அவர் ஏற்கவில்லை. சட்டத்துக்கு உட்பட்டே காரியம் சாதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. விதிப் புத்தகத்தைத் தினம் புரட்டி வயிறு வளர்க்கும் நாம் அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட மாட்டோம். ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாப்ளர் அங்கத்தினர்கள் சட்டத்தை மறைவாக மீறவில்லை. முன்கூட்டி அறிவித்து மீறினார்கள். அதற்குரிய தண்டனையைத் தாங்களே ஏற்றார்கள். ஏழைகளின் பெயரால் ஓட்டு வாங்கியவர்கள், அந்த ஓட்டின் விலையை ஏழைகள் தலையில் கட்டாமல் தாமே கொடுத்தார்கள். சத்தியாக்கிரகத்தை அறிந்த நம் நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் எண்ணியதெல்லாம் ஈடேறிற்று என்றும் நாம் சொல்ல வரவில்லை. தம் ஊழியர்களுக்கு ஆண், பெண் என்ற பேதமின்றி வாரத்துக்கு 4 பவுன் குறைந்தபட்சச் சம்பளம் என்று அச்சபை விதித்திருந்தது. சம வேலைக்குச் சம கூலி என்ற பேச்சே பலருக்கு நகைப்பாக இருந்த காலம் அது. கணக்குத் தணிக்கையாளர் ஆட்சேபித்தார். வழக்கு மேல்கோர்ட்டுகளுக்கு ஏறி, 1925-இல் பிரபுக்கள் சபையில் சபைக்கு எதிராகவே முடிந்தது. அதற்கும் முன்பே பெரிய இழப்பொன்று நேர்ந்துவிட்டது. லான்ஸ்பரியின் மருமகள் மின்னி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர், சிறை சென்றவர்களில் ஒருவர். விடுதலையாகி மூன்று மாதம் கூட ஆகவில்லை. 1922 ஜனவரி முதல் தேதி நிமோனியாக் காய்ச்சலில் மாண்டார். வயது 32. போ சாலையில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இருக்கிறது. அவ்வழியே வேலைக்குப் போகிறவர்கள் அதில் மணி பார்த்துக்கொள்கிறார்கள்.

நெல்லி கிரெஸால் 1943-இல் அதே பாப்ளரின் மேயரானார். லான்ஸ்பரி பார்லிமெண்டுக்குச் சென்று, பின்னர் தொழிற் கட்சியின் தலைவராகவும் விளங்கினார். 1965-இல் பாப்ளர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மூன்றும் இணைந்து டவர் ஹாம்லெட்ஸ் என்ற ஒரே பகுதியாயின. இன்று அங்கே வங்காள தேசத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் மிகுதி. பிழைக்கப் போன அவர்கள் ஓட்டும் போடுகிறார்கள், அபேட்சகர்களாகவும் நிற்கிறார்கள், சபையில் அங்கத்தினர்களாகவும் அமர்ந்திருக்கிறார்கள்.

நமக்கும் பாப்ளருக்கும் உள்ள இன்னொரு தொடர்பையும் சொல்லிவிடுகிறோம். 1931-இல் வட்ட மேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்ற மகாத்மா காந்தி பெரிய ஹோட்டல்களில் தங்க மறுத்துவிட்டார். அவர் சுமார் 12 வாரங்கள் தங்கியது போ என்னுமிடத்தில், கிங்ஸ்லி ஹால் என்ற சேவை இல்லத்தில். அந்த இடம் பாப்ளர் எல்லைக்குள் இருந்தது. அவருக்கு இடமளித்த மியூரியல் லெஸ்டர் அம்மையாரும் பாப்ளர் சபையில் அங்கம் வகித்தவரே. மக்களுக்காகச் சிறை சென்ற ஒரு நகரசபையின் எல்லைக்குள் நம் காந்தியடிகள் தங்கினார் என்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

அடுத்த வீட்டுப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, அவர்கள் அந்த ஊர்க்காரர்கள்" என்றார். சற்று யோசித்தோம். நம் குழந்தைகள் பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரியில். அவர்கள் குடிக்கும் தண்ணீர் இந்த ஊர்க் குழாயில் வருவது. மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் வளரும் கொசு, சொந்த ஊர்க்காரன் யார், வந்தேறி யார் என்று பார்த்துக் கடிப்பதில்லை. பொங்கலுக்கு நாலு நாள் போய் வரும் ஊரில் ஓட்டும், வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் வாழும் ஊரில் வேடிக்கையும் என்றால், இதுவும் ஒரு கணக்கா?

சொந்த ஊரை மறக்கச் சொல்லவில்லை. அது பெற்ற தாய். ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம்; அதுவும் அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதே நம் நாட்டுச் சட்டம். குடியிருப்பை மாற்றியவர்கள் படிவம் 8-ஐப் பூர்த்தி செய்து கொடுத்தால் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளலாம். நாம் சென்ற வாரம் கொடுத்துவிட்டோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை சங்கக் கட்டிடத்து வராந்தாவில் நாம் அமர்ந்திருப்போம். படிவம் நிரப்புவது குமாஸ்தாவுக்குக் கைவந்த கலை. வீட்டுப் பெண்மணிகளையும் அவசியம் அழைத்து வாருங்கள். இருப்பிடத்துக்கான அத்தாட்சியை மறவாதீர்கள். முதல் ஞாயிறன்று நம்முடன் வருவதாக ஒருவர் வாக்களித்திருக்கிறார். "எனக்கு அந்தப் படிவமெல்லாம் புரியாது தம்பி, நீயே எழுதிக் கொடு" என்று சொல்லித்தான் வாக்களித்தார். அவர் அடுத்த வீட்டுப் பெரியவர்.