இரும்புக்கு இணங்காத சோகை

"உடம்பில் இரத்தமே இல்லை" என்னும் சொல்லை நம் தருமபுரி மாவட்டத்துத் தாய்மாரிடம் கேளாத நாளில்லை. முகம் வெளுத்து, நாலு படி ஏறுவதற்குள் மூச்சிரைத்து, கைவேலையைப் பாதியில் விட்டு உட்கார்ந்துவிடும் பெண்களை வாசகர்களும் அறிவார்கள். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டில் முருங்கைக் கீரையும் கேழ்வரகுக் களியும் உண்டு. பெரும்பாலோர் சில மாதங்களில் தேறிவிடுகின்றனர். ஆயினும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் தேறாதார் சிலர் உளர். "ஒழுங்காகத் தின்பதில்லை" என்று மாமியார் கடிந்துகொள்வதும், "இவள் வந்த நேரம்" என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுப்பதும் இவர்களையே. இவர்களுள் சிலருடைய குறை உணவிலும் இல்லை, மாத்திரையிலும் இல்லை; பெற்றோர் வழி வந்த ஒரு புரதத்தில் இருக்கிறது. அதனை ஆய்வுக்கூடத்தார் எங்ஙனம் கண்டறிகின்றனர் என்பதை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். ஒரு சிவப்பணுவுக்குள் அதன் மூலக்கூறுகள் ஏறக்குறைய 27 கோடி உள்ளன. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றி உடலெங்கும் இறக்குவது அவற்றின் தொழில். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலியின் 146 கண்ணிகளில் ஆறாவது கண்ணி ஒன்று மாறிவிட்டால் போதும், பிராணவாயு குறையும்போது சிவப்பணு கதிரரிவாள் போல வளைந்துவிடும். வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ள, நோயாளி பொறுக்கவொண்ணா வலியால் துடிப்பார். நல்ல சிவப்பணு 120 நாள் வாழும். வளைந்தது இருபது நாளைக் காண்பதே அரிது. இது அரிவாள் அணுச் சோகை. சங்கிலி உருமாறாமல் அளவிலே குறைந்து உற்பத்தியாகுமானால் அது தாலசீமியா.

இவ்வுண்மை ஒரே நாளில் புலப்படவில்லை. 1910-இல் சிக்காகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், நோயுற்ற மாணவர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். ஏன் அவ்வடிவம் என்பது அவருக்கு விளங்கவில்லை. 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் ஹீமோகுளோபினைக் கரைசலாக்கி அதில் மின்சாரம் செலுத்தினர். நலமுற்றோரின் புரதம் ஒரு வேகத்திலும் நோயாளியின் புரதம் வேறொரு வேகத்திலும் நகர்ந்தன. நோயின்றிக் குறையை மட்டும் சுமப்போரின் இரத்தத்திலோ இரண்டும் கலந்திருக்கக் காணப்பட்டன. தாயின் பங்கும் தந்தையின் பங்கும் அங்கே தனித்தனியாகக் கண்முன் பிரிந்து நின்றன! 1956-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அப்புரதத்தை நொதியொன்றால் துண்டு துண்டாக வெட்டி, காகிதத்தின்மேல் பரப்பிப் பார்த்தார். ஏனைய துண்டுகள் தத்தம் இடத்தில் நிற்க, ஒரே ஒரு துண்டு இடம் மாறியிருந்தது. ஆறாவது கண்ணியின் மாற்றம் அதன் வழியே தெரிய வந்தது.

இவை அயல்நாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டா. 1952-இலேயே லேமன், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்குறை இருப்பதைக் கண்டு அறிவித்தனர். மலைக்கும் இதற்கும் உறவு உண்டு. ஒற்றைக் குறை சுமப்போரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை. ஆகவே மலேரியா மிகுந்த காடுகளில் அவர்கள் பிழைத்துப் பெருகினர். முன்னோரைக் காத்தது பேரப்பிள்ளைகளுக்கு நோயாய் வந்து நிற்கிறது. சமவெளியார் தமக்கு இல்லை என்று இறுமாந்திருக்கவும் இடமில்லை. தாலசீமியாவைச் சுமப்போர் இந்நாட்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்று மதிப்பிடுகின்றனர்.

சோதனையின் முதற்படி மிக எளியது. 0.36 விழுக்காடு உப்புக் கரைசல் அடங்கிய சிறு கண்ணாடிக் குழாயில் ஒரு துளி இரத்தம் விட்டு, அரைமணி நேரம் கழித்து, கறுப்புக் கோடு வரைந்த வெள்ளைக் காகிதத்தின்முன் பிடித்துப் பார்ப்பார்கள். நல்ல அணுக்கள் நீரை ஏற்று வீங்கி வெடித்துவிடுவதால் கரைசல் தெளிந்து, கோடு தெரியும். தாலசீமியா சுமப்போரின் மெலிந்த அணுக்களோ வெடிக்காமல் தாங்கி நிற்கும். கரைசல் கலங்கி, கோடு மறையும். ஆனால் இரும்புச்சத்து குறைந்தவரிடமும் சில வேளை கோடு மறைவதுண்டு. எனவே இதனோடு முடிவு கட்டலாகாது. அடுத்து ஹெச்.பி.எல்.சி. என்னும் கருவி. நுண்மணிகள் அடைத்த குழாய் வழியே இரத்தப் புரதத்தை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். சந்தைக்குள் நுழைந்தவர்களில் கடைதோறும் நின்று விலை கேட்போர் தாமதித்தும் ஏனையோர் விரைந்தும் வெளிவருவது போல, ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் வெவ்வேறு நேரத்தில் வெளிப்படும். ஏ2 என்னும் வகை 3.5 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் அவர் பீட்டா தாலசீமியா சுமப்பவர் என்று பெரும்பாலும் துணியலாம். இப்படிப்பட்டவருக்கு இரும்புக் குறையும் இல்லையெனில் மாத்திரையால் பயனில்லை. அதற்காகக் கருவுற்ற பெண்கள் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுதல் பெருந்தவறு. மருத்துவரே சொல்ல வேண்டும்.

குறையைச் சுமப்பவர் நோயாளி அல்லர். உழைக்கலாம், மணக்கலாம், பிள்ளை பெறலாம். இவ்வகைக் குறையைச் சுமக்கும் இருவர் மணந்துகொள்ளும்போதுதான் இடர். ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளை முழு நோயோடு பிறக்கும். "மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும்" என்று கணக்கிடுவோர் உளர், அக்கணக்கு பிழையானது. கடும் தாலசீமியா கொண்ட குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அவ்விரத்தம் விட்டுச்செல்லும் இரும்பை வெளியேற்ற வேறு மருந்து. 1986-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கியது. எனினும் பொருந்தும் மச்சையும் பொருளும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

மாமன் மகள், அத்தை மகள் என்று பெண் எடுப்பது நம் பக்கத்து வழக்கம். பக்கவழி உறவில் நான்காம் பாகைவரை திருச்சபைச் சட்டம் தடை விதிக்கிறது; ஆயரிடம் விதிவிலக்கு வேண்டி நம்மிடம் வருவோர் பலர். பாட்டி ஒருத்தி சுமந்த குறை இரு கிளைகளிலும் இறங்கியிருக்கக்கூடும் என்பதால், அத்தகைய வீட்டார் மண ஓலை வாசிப்பதற்கு முன்பே இச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு நாம் வேண்டுகிறோம். கரு உருவானபின் அறிந்து கலங்கி நிற்பதினும் அதுவே மேல். கருவிலுள்ள உயிரைப்பற்றித் திருச்சபையின் போதனை யாவரும் அறிந்ததே.

2023 ஜூலை முதல் நாள் நடுவணரசு அரிவாள் அணுச் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாற்பது வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது அதன் நோக்கம்; தமிழகமும் அதில் அடங்கும். சோதிக்கப்பட்டவருக்கு அவர்தம் நிலையைக் குறிக்கும் அட்டை தருகிறார்கள். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதை நாம் ஒருகாலும் ஆதரித்ததில்லை; இவ்வட்டைகள் இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதை முழுமனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் பெண்ணின் அட்டையை மட்டும் கேட்டு வாங்கி, பிள்ளையின் அட்டையைப் பெட்டியில் பூட்டிவைக்கும் வீட்டாரும் இருக்கக்கூடும். தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் சேர்ந்தாலன்றி இந்நோய் வருவதில்லை. ஆதலால் மாப்பிள்ளை வீட்டாரும் அட்டையைக் கொண்டுவரட்டும்.