ஏரியில் இறங்கிய வெள்ளைத் தட்டு

இந்த வாரம் உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடலாம் என்றிருக்கிறேன். ஜனவரியிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தவித்தாயிற்று. தெருமுனைக் குப்பையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை முணுமுணுத்திருக்கிறேன்! அப்படிப்பட்ட நானே கடல் கடந்து போய், உலகத்திலேயே அழகான ஏரிகளில் ஒன்றின் பக்கத்தில், குப்பையை ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் நின்றேன்.

என் பெண் கலிபோர்னியாவில் ஸான் ஹோஸே பக்கம் இருக்கிறாள். அங்கே உள்ள நம் ஜனங்களுக்குக் குளிர்காலம் வந்துவிட்டால் ஒரே ஜபம்தான்: "தாஹோ போகலாமா, தாஹோ போகலாமா?" சனிக்கிழமை விடியுமுன் மோட்டாரில் ஏறிவிடுகிறார்கள். நாலு மணி நேரப் பிரயாணம் என்று மாப்பிள்ளை சொன்னார். அது பனி விழாத நாளின் கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர ஒன்பது மணி நேரம் ஆயிற்று. பாதி மலையில் போலீஸ்காரர் நிறுத்தி, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினால்தான் மேலே விடுவேன் என்றார். மாப்பிள்ளை கொட்டும் பனியில் மண்டியிட்டு, கோயில் யானைக்கு மாட்டுவதுபோல் சங்கிலி மாட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்கோ கணவாய் என்று ஓர் இடம். ஏழாயிரம் அடிக்கும் மேலே. அங்கே ஒரு வளைவில் வண்டி இலேசாக வழுக்கியது. வழுக்கினது ஒரு சாண் இருக்குமோ என்னவோ, எனக்கு ஏழு ஜன்மமும் கண்முன் வந்து போயிற்று. நல்லவேளை, முன்னால் போன லாரி ஒன்று சாலையில் மணலைத் தூவிக்கொண்டே போயிற்று. அந்த மணல்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. லாரிக்காரர் மகராஜனாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். இந்த மணலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கணவாயைத் தாண்டி இறங்கும்போது ஏரி தெரிந்தது.

எப்படிச் சொல்வது? நாலு பக்கமும் வெள்ளை மலை. நடுவில் கரும்பச்சைத் தேவதாரு மரங்கள். அதற்கும் நடுவில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம். இருபத்திரண்டு மைல் நீளம், பன்னிரண்டு மைல் அகலம். ஆழம் 1,645 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் ஏழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இறக்கினாலும் மேல் கலசம் வெளியே தெரியாது! அவ்வளவு ஆழம் என்பதால்தான் எத்தனை குளிரிலும் ஏரி உறைவதில்லை. மேல் ஜலம் குளிர்ந்து கீழே போக, கீழ் ஜலம் மேலே வர, புரண்டுகொண்டே இருக்கிறது.

பெயரிலும் ஒரு வேடிக்கை. அந்த மண்ணின் ஆதி மக்களான வாஷோக்களின் பாஷையில் ‘தா-ஆவ்’ என்றால் ஏரி. வெள்ளைக்காரர் காதில் அது ‘தாஹோ’ என்று விழுந்து, ‘லேக் தாஹோ’ ஆகிவிட்டது. அதாவது ‘ஏரி ஏரி’. நம்மூர் ‘நடு சென்டர்’ மாதிரி! அந்த வாஷோ ஜனங்கள் கோடையில் மட்டும் ஏரிக்கரைக்கு வந்து மீன் பிடித்துவிட்டு, குளிர்காலத்தில் கீழே பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிப் போய்விடுவார்களாம். மாரியில் ஏரி தன்பாட்டில் கிடந்தது. இப்போதோ குளிர்காலம்தான் ஒரு பெரிய ஸீஸன். 1960-ல் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த பிறகு பனிச்சறுக்கு மோகம் பிடித்துக்கொண்டது. (அந்தச் சறுக்கு மைதானத்தின் பழைய பெயரில் ஆதிகுடிப் பெண்களை இழிவாகச் சொல்லும் சொல் ஒன்று இருந்தது. 2021-ல் அதை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தார்கள். அறுபது வருஷம் கழித்தாவது தோன்றியதே!)

சரி, என் குற்றத்துக்கு வருகிறேன்.

பேத்திக்கு ஒன்பது வயசு. பெரிய சறுக்கெல்லாம் கற்றுக்கொள்ளக் காசும் நாளும் ஆகும் என்று, வழியில் ஒரு கடையில் நீல நிறப் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முறம் மாதிரி இருக்கும். அதில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சர்ரென்று இறங்க வேண்டியது. மலிவு விலை. குழந்தைகள் கூச்சலும் கும்மாளமுமாய் மேடு முழுக்கத் திருவிழாதான். "பாட்டி, நீங்களும் ஒரு தடவை வாங்க!" என்று குழந்தை பிடித்து இழுத்தாள். புடவைமேல் மாப்பிள்ளையின் குளிர்கோட்டு, காலில் பெண்ணின் பூட்ஸ். இந்த அலங்காரத்தில் உட்கார்ந்தேன். பாதி மேடுகூட இறங்கவில்லை, ‘படக்’கென்று ஒரு சத்தம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டுத்தான் இரண்டு துண்டு.

சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. உடைந்த துண்டுகளை ஒரு மரத்தடியில் வைத்து, காலால் பனியைத் தள்ளி மூடினேன். விருந்தாளி வரும் நேரத்தில் பாயைத் தூக்கி அடியில் குப்பையைத் தள்ளுவோமே, அந்த லாகவம்! எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? பனிக்கு அந்தக் குணம் உண்டு, எதை வேண்டுமானாலும் மூடி மறைத்துக் கொடுத்துவிடும்.

நிமிர்ந்தால் எதிரே ஓர் அம்மாள். எழுபது வயசு இருக்கும். ஒரு கையில் கோணிப்பை, மறு கையில் இடுக்கி. கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே குனிந்து, நான் மூடிய பனியை விலக்கி, நீலத் துண்டுகளை வெளியே எடுத்தாள். அவள் பையைப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய் அதே மாதிரி துண்டுகள் நிறைய இருந்தன. நான் ஒருத்தி மட்டும் புத்திசாலி இல்லை போலிருக்கிறது.

பெண்ணை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பேசினோம். சித்திரை வைகாசி வாக்கில் இந்தப் பனி உருகும். அப்போது மேட்டில் கிடப்பதெல்லாம் நொறுங்கி ஓடையோடு இறங்கும். ஓடைகள் அறுபத்து மூன்றும் ஏரியில்தான் போய்ச் சேர்கின்றன என்றாள். ஏரியை விட்டு வெளியே போக ஒரே ஒரு ஆறுதான். அதுவும் கடலுக்குப் போகாமல் நெவாடா பாலைவனத்தில் இன்னொரு ஏரியில் முடிந்துவிடுகிறது. உள்ளே வந்த ஒரு சொட்டு ஜலம் வெளியேறச் சராசரி அறுநூற்றைம்பது வருஷம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குமார கம்பணர் மதுரைமேல் படையெடுத்து வந்த காலத்தில் பனியாக விழுந்த ஜலம் இப்போதுதான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது! அப்படியென்றால் என் நீலத் தட்டு?

2021-லும் 2022-லும் முக்குளிப்பவர்கள் எழுபத்திரண்டு மைல் கரையையும் சுற்றி வந்து, சுமார் 25,000 பவுண்டு குப்பையை அடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பொடிப்பொடியான பிளாஸ்டிக் தண்ணீரில் கலந்திருப்பதை 2019-லேயே ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது பிளாஸ்டிக் அல்ல. மணல்.

ஏரியின் தெளிவை அளக்க அங்கே ஒரு முறை இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்குகிறார்கள். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் கணக்கு. 1865-ல் ஸெக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கண்டுபிடித்த யுக்தி. தாஹோவில் 1968 முதல் சார்லஸ் கோல்ட்மன் என்ற பேராசிரியரும் அவருடைய சீடர்களும் விடாமல் அளந்து வருகிறார்கள். முதல் வருஷம் சராசரியாக 102 அடி ஆழம் வரை தட்டுத் தெரிந்தது. 1997-ல் 64 அடி. 2017-ல் 60 அடிக்கு வந்துவிட்டது.

ஏன் மங்கியது? பக்கத்தில் ஆலையும் இல்லை, சாயப்பட்டறையும் இல்லை. தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத நுண்ணிய தூசிதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு சாலைகளிலிருந்தும் வீடுகள் நெருங்கிய இடங்களிலிருந்தும் வருகிறது. வண்டி வழுக்காமலிருக்கத் தூவுகிற மணலைச் சக்கரங்கள் போட்டு அரைக்கின்றன. அம்மியில் அரைத்த மாதிரி அது மாவாகி, பனி உருகும்போது ஏரிக்கு இறங்குகிறது. பெரிய மணல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். இந்த மாவு உட்காராது. வருஷக்கணக்கில் மிதந்துகொண்டு, வெளிச்சத்தை உள்ளே போகவிடாமல் சிதற அடிக்கும். முன்காலத்தில் ஓடைகள் ஏரியைத் தொடுமுன் சதுப்பு நிலங்கள் இதை வடிகட்டிக் கொடுத்தன. தென்கரையின் பெரிய சதுப்பைத் தோண்டி, அறுபதுகளில் படகுத்துறையும் பங்களாக்களுமாகக் கட்டிவிட்டார்கள்.

என் உயிரைக் காப்பாற்றிய மணலாயிற்றே! நான் வாழ்த்தின கையோடு அதைத் திட்ட முடியுமா? லாரிக்காரர் தூவாமலிருந்தால் நாங்கள் அந்த வளைவில் என்ன ஆகியிருப்போமோ. நாங்களே வராமலிருந்தால் அவர் தூவவே வேண்டாம். இந்தக் கணக்கை நான் இன்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அங்கே உள்ளவர்கள் கணக்குப் போடுவதோடு நிற்கவில்லை. புயல் ஓய்ந்ததும் உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்து, தூவின மணலைப் பெருக்கி எடுக்கிறார்கள். சுலபத்தில் பொடியாகாத கெட்டி மணலாகப் பார்த்துத் தூவுகிறார்கள். சாலை ஓரங்களில் வண்டல் தங்கக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். அழித்த சதுப்பில் கொஞ்சத்தைத் திரும்பவும் சதுப்பாக்குகிறார்கள். ஊர்ச் சாக்கடை ஜலத்தைச் சுத்தம் செய்த பிறகும் ஏரியில் விடுவதில்லை. குழாய் போட்டு மலைக்கு அப்பால் தள்ளிவிடுகிறார்கள். அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்த ஏற்பாடு. மறுபடி 97 அடி வரை தட்டுத் தெரிய வேண்டும் என்று குறி வைத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் இரண்டு தலைமுறை ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். தட்டும் ஒரு வருஷம் கொஞ்சம் ஆழம் போகிறது, மறு வருஷம் மேலே ஏறிவிடுகிறது. போகவும் வரவும் எத்தனை லட்சம் மோட்டார்!

வீட்டுக் குப்பைக்கும் அங்கே காவல் பலம். இரும்புப் பெட்டியில் போட்டுத் தாழ்ப்பாள் போட வேண்டும். கரடிக்காகத்தான்! நம் சாப்பாட்டின் ருசி கண்ட கரடிகளில் சில குளிர்காலத்தில் தூங்குவதையே விட்டுவிட்டனவாம். நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையை மோட்டாரிலேயே வைக்கப் பார்த்தேன். பெண் அலறிவிட்டாள். கரடி கதவைப் பிய்த்துவிடுமாம். என் புளியோதரைக்கு இப்படி ஒரு மதிப்பு வேறெங்கும் கிடைத்ததில்லை.

திரும்பி வரும்போது தட்டின் இரண்டு துண்டுகளும் என் மடியில். அந்த அம்மாள் தன் பையில் போட்டுக்கொள்கிறேன் என்றாள். நான்தான் பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். வண்டியின் பின்பக்கம் இடமில்லை. ஒட்டியிருந்த பனி உருகிப் புடவை நனைந்து, ஊர் வந்து சேரும்வரை நடுங்கிக்கொண்டே வந்தேன். போகும்போது தூவிய அந்த வளைவில் மணல் பெருக்கும் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற மோட்டார்களெல்லாம் பொறுமையில்லாமல் விளக்கை விளக்கை அணைத்து ஏற்றின.

பேத்தி வெகுநேரம் பேசாமல் வந்தாள். பிறகு, "பாட்டி, உங்க ஊர்ல கலங்கின தண்ணியைத் தெளிய வைக்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

நான் சின்ன வயசில் பார்த்ததைச் சொன்னேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் செக்கச்செவேலென்று இருக்கும். குடத்தின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரசி விடுவாள் என் பாட்டி. காலையில் பார்த்தால் கலங்கலெல்லாம் அடியில், மேலே பளிங்கு மாதிரி ஜலம்.

"அதை ஏரியில போட முடியாதா?"

"அவ்வளவு கொட்டைக்கு எங்கே போறது கண்ணு?"

"எனக்குக் காட்டவாவது காட்டுங்க."

விதை, கொட்டை என்று எதையாவது கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள் என்று மாப்பிள்ளை எச்சரித்திருக்கிறார். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசும்போது செய்து காட்டுவதாக ஏற்பாடு. நேற்றுத்தான் கடைவீதிக்குப் போய், நாட்டு மருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை கேட்டேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். இதைக் கேட்டு யாரும் வந்து ரொம்ப நாளாயிற்றாம்.

"எவ்வளவு பெரிய குடத்துக்கு வேணும்மா?" என்றார்.