வராத கேமராவுக்கு வாடகை கட்டிய அண்ணன்!

போன ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அண்ணன் போனை நீட்டினார். "பாப்பா, இதைக் கொஞ்சம் பாரு. புதுசா ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா வரப் போகுதாம். மெகாபிக்சல் எகிறிடுச்சாம். நிஜமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "அவகிட்டயா கேக்குறீங்க? போன தடவை நமக்கு ஒன்றரை லட்சம் செலவு வெச்சதே அவதானே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், சொன்னது உண்மை. இந்த வாரம் அந்தக் கதைதான்.

அண்ணன் கல்யாண போட்டோகிராபர். வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்கள் வந்தால் வீட்டில் தங்கமாட்டார். மற்ற நாள்களில் ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் ஜோடிகளை நிறுத்தி ப்ரீ-வெட்டிங் எடுத்துக்கொண்டிருப்பார். 2023 தொடக்கத்தில் அவருடைய பழைய டிஎஸ்எல்ஆரின் ஷட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கையில் இருந்த லென்ஸ்கள் எல்லாம் கேனான். அதனால் கேனான் ஆர்5 வாங்குவது என்று முடிவாகியிருந்தது. 2020 ஜூலையில் அறிமுகமான கேமரா அது. 45 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம். அதாவது, பழைய ஃபிலிம் ரோல் கேமராவில் இருந்த அதே 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவு சென்சார். அண்ணியின் வளையல் அடகுக்குப் போகத் தயாராக இருந்தது.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. ஆர்5-க்கு அடுத்த மாடல் வரப் போகிறது, அதில் 61 மெகாபிக்சல் இருக்கும் என்று உலகம் முழுக்க ஒரே சலசலப்பு. கேனான் நிறுவனம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

நான் அப்போது டிஜிட்டல் டெஸ்க்குக்குப் புதிது. மதிய நேரம், பக்கத்துக்கு ஒரு டெக் செய்தி வேண்டும். 20 நிமிடத்தில் எழுதி முடித்தேன். 'விரைவில் வருகிறது' என்று தலைப்பு. உள்ளே 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'எதிர்பார்க்கப்படுகிறது' என மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு ஐந்து பத்தி. யார் கூறினார்கள், யாருக்குத் தெரிந்தது என்று நானும் கேட்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை.

அண்ணன் அதைப் படித்திருக்கிறார். "நம்ம பாப்பாவே எழுதியிருக்கு, அப்ப வந்துடும்" என்று ஆர்5 வாங்கும் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார். ஒவ்வொரு விசேஷத்துக்கும் சென்னையிலிருந்து வாடகைக்குக் கேமரா. ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். ஒன்றரை வருடத்தில் 60 நாள் எடுத்திருக்கிறார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 17. ஆடி பிறந்த நேரம். கேனான் ஆர்5 மார்க் 2-வை முறைப்படி அறிவித்தது. மெகாபிக்சல் எவ்வளவு தெரியுமா? அதே 45! வேகம், ஃபோகஸ், வீடியோ எல்லாம் நன்றாகவே மேம்பட்டிருந்தன. ஆனால் அண்ணன் காத்திருந்தது அதற்காக இல்லையே. நூறு மெகாபிக்சலை நெருங்கும் ஆர்5எஸ் என்று இன்னொரு மாடலைப் பற்றியும் அந்த வருடங்களில் பேச்சு ஓடியது. அதுவும் அப்போது வரவில்லை.

கடைசியில் அண்ணன் வாங்கியது அதே பழைய ஆர்5. விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் இறங்கியதைவிட வாடகை அதிகம்.

வதந்தி எங்கிருந்து வருகிறது?

எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. சில தகவல்களுக்கு அடிப்படை உண்டு. இன்றைய கேமராக்களில் வைஃபை, ப்ளூடூத் இருப்பதால், விற்பனைக்கு முன் அவற்றைப் பல நாடுகளில் ரேடியோ ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு குறியீட்டு எண் தென்பட்டால், ஏதோ ஒன்று தயாராகிறது என்று ஊகிக்கலாம். அதில் எத்தனை மெகாபிக்சல் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. அதை யாரோ ஒருவர் தன் ஆசைக்கு ஏற்றபடி சேர்க்கிறார்.

காப்புரிமை விண்ணப்பங்களும் அப்படித்தான். ஒரு நிறுவனம் விண்ணப்பிக்கும் எல்லா யோசனையும் கடைக்கு வரும் பொருளாக மாறுவதில்லை.

நிறுவனமே திட்டமிட்டாலும் தேதி தள்ளிப்போகலாம். 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தயாவிலிருந்த நிகான் தொழிற்சாலை மூழ்கியது. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமாமோட்டோ நிலநடுக்கத்தால் சோனியின் சென்சார் தொழிற்சாலை நின்றுபோனது. வதந்தியை நம்பி நம் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு என்ன பயன்?

61 என்றால் எவ்வளவு பெரிது?

இந்தக் கணக்கை அன்றே போட்டிருந்தால் அண்ணியின் நிம்மதி தப்பித்திருக்கும். 45 மெகாபிக்சல் படத்தின் அகலம் 8,192 புள்ளிகள். சோனி 2019-ல் கொண்டுவந்த 61 மெகாபிக்சல் ஏ7ஆர் 4-ன் படத்தில் அகலம் 9,504 புள்ளிகள். வித்தியாசம் 16 சதவிகிதம்தான்! மெகாபிக்சல் என்பது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வரும் எண். அதனால் காதில் கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது, கண்ணில் பார்க்கும்போது அவ்வளவு தெரிவதில்லை.

நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 இன்ச். ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சடிக்க 3,600-க்கு 5,400 புள்ளிகள் போதும். அது சுமார் 19 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவே அந்தப் பக்கத்தை நிறைத்துவிடும். ஹாலில் இருக்கும் 4கே டிவிக்குத் தேவை 8 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும்.

இன்னொரு பக்கம் செலவு கூடும். அந்த 61 மெகாபிக்சல் சோனியில் சுருக்காத ரா ஃபைல் ஒன்று சுமார் 120 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 360 ஜிபி. மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க், கம்ப்யூட்டர் எல்லாமே மாற வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கையின் சின்ன நடுக்கமும், லென்ஸின் சின்னக் குறையும் பளிச்சென்று தெரியும்.

அப்படியானால் யாருக்குத் தேவை?

தேவைப்படுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். செயின்ட் லூயி வீதியில் 1955-லிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதுகாக்கப்படும் சைவ ஆகமச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பதிவேட்டில் இடம்பெற்றன. ஒல்லியான நீண்ட ஓலை, அதில் எறும்பு வரிசையாக கிரந்த எழுத்து. இப்படிப்பட்ட ஓலையை ஒருமுறை படம் எடுத்தால், அதை மறுபடி தொடாமலே ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கிப் படிக்க முடிய வேண்டும். அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் வேலை இருக்கிறது.

கல்யாண மண்டபத்திலும் ஒரு சமயம் உதவும். தாலி கட்டும் நேரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் மொபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றுவிட, தூரத்திலிருந்து எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ள வேண்டிவரும். 45 மெகாபிக்சல் படத்தில் பாதி அகலம், பாதி உயரம் வெட்டினால் 11 மிஞ்சும். 61-ல் 15 மிஞ்சும். லாபம்தான். ஆனால் ஒன்றரை வருடம் காத்திருக்கும் அளவுக்கு லாபமா?

மூன்று கேள்விகள்

கேமரா என்றில்லை. போன், ஸ்கூட்டர், வாஷிங்மெஷின் என எதைப் பற்றி 'வரப் போகிறது' என்று படித்தாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. சொன்னது யார்? 2024 மே மாதம் கேனான் தன் ஆர்1 கேமராவைத் தயாரித்துவருவதாகத் தானே அறிவித்தது. அது செய்தி. பெயர் இல்லாத ஒருவர் சொன்னால் அது பேச்சு.

2. தேதியும் ரூபாயில் விலையும் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அதை நம்பிப் பணத்தை ஒதுக்கிவைக்க வேண்டாம்.

3. என் இன்றைய பிரச்னை என்ன? கையில் இருக்கும் பொருள் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை நாளும் காத்திருக்கலாம், காசு செலவில்லை. அது நின்றுபோய், பிழைப்பும் அதை நம்பி இருந்தால், இன்று கடையில் இருப்பதில் நல்லதை வாங்குங்கள்.

எனக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நிறுவனம் அறிவிக்காத பொருளுக்கு 'வருகிறது' என்று தலைப்பு போடுவதில்லை. 'கூறப்படுகிறது' என்று எழுதக் கை போனால், யார் கூறியது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். பக்கத்தின் பார்வை எண்ணிக்கை கொஞ்சம் குறையும். குறையட்டும். அந்தப் பக்கத்தை யாரோ ஒருவர் வளையல் அடகுச் சீட்டோடு படித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அண்ணனின் போனை வாங்கிப் படித்துப் பார்த்தேன். கம்பெனி பெயரில் ஒரு வரிகூட இல்லை. "அண்ணே, இப்ப இருக்கிற கேமராவால ஏதாவது ஆர்டர் கைவிட்டுப் போச்சா?" என்று கேட்டேன்.

யோசித்துவிட்டு, "இல்லையே. போன வாரம் ஒரு வளைகாப்புல லைட்டு பத்தலைன்னுதான் சொன்னாங்க" என்றார்.

"அப்ப ஒரு நல்ல லைட்டு வாங்குங்க."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, எனக்கு இன்னொரு கப் பாயசம் கொண்டுவந்து வைத்தார். பழைய கணக்கு தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் எந்த 'வரப் போகிறது'க்காக யார் காத்திருக்கிறார்கள்? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.