அப்டேட்டைத் திட்ட முதல் ஒரு கேள்வி

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதுக்கு முன்னும் பின்னுமாக எங்கட நண்பர்கள் நிறையப் பேர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். மாறின கையோட விடுதியிலயும் கன்டீன்லயும் ஒரே கதை: "மச்சான், ஹாட் டிஸ்க்க குத்தினவுடனே லப்டொப் இறுகுதுடா. சில நேரம் காட்டுதும் இல்ல. எல்லாம் இந்த அப்டேட்டால வந்த வினை."

இந்தக் கோபத்தில நியாயம் இருக்கு. அப்டேட்டுக்கும் வெளியில குத்துற சாமானுக்கும் பழைய பகை. 2013இல் அப்பிள் மவெரிக்ஸ் என்ற பதிப்பை வெளியிட்ட கொஞ்ச நாளில, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியது: டேட்டா அழிஞ்சதாக முறைப்பாடு வருது, எங்கட மென்பொருளை மக் கம்பியூட்டரில இருந்து கழட்டி விடுங்க என்று. 2016இல் விண்டோஸ் 10இன் ஆண்டுநிறைவு அப்டேட்டுக்குப் பிறகு, கின்டிலை யூஎஸ்பியில குத்தினாலே சிலருடைய கம்பியூட்டர் நீலத்திரை காட்டி விழுந்தது. 2018 ஒக்டோபர் அப்டேட் சிலருடைய சொந்த பைல்களையே அழிச்சது. சில நாளில அதை நிறுத்தி, நவம்பர் 13ஆம் திகதிதான் திரும்ப விட்டார்கள். 2019 மே அப்டேட்டில யூஎஸ்பி ட்ரைவ் குத்தியிருந்தால் விண்டோஸ் ஏற மறுத்தது. ட்ரைவின் எழுத்து மாறிப்போகலாம் என்பதால மைக்ரோசொப்டே போட்ட தடை அது.

ஆனால் 2025 ஆகஸ்டில நடந்ததையும் பாருங்க. விண்டோஸ் 11 அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, பெரிய பைல்களை எழுதும்போது எஸ்எஸ்டி காணாமல் போகுது என்று ஜப்பானில இருந்து முறைப்பாடு கிளம்பியது. ட்ரைவ்களுக்குக் கொன்ட்ரோலர் சிப் செய்யிற பைசன் நிறுவனம் 4,500 மணித்தியாலத்துக்கு மேல சோதிச்சும் அந்தப் பிழையைத் திரும்ப வரவைக்க முடியவில்லை என்றது. தங்கட அப்டேட்டுக்கும் அதுக்கும் தொடர்பு கண்டுபிடிக்கவில்லை என்று மைக்ரோசொப்டும் சொன்னது. யார் பிழை என்று தீர்ப்பு வர கிழமைக்கணக்கு ஆகும். சில நேரம் தீர்ப்பே வராது. வந்தாலும் போன பைல் வராது.

அதனால என்ட கேள்வி வேற. அந்த ஹாட் டிஸ்க்கில இருக்கிறது வேற எங்கயாவது இருக்கா?

"அது பெக்கப் ஹாட் டிஸ்க்தானே" என்பீங்க. லப்டொப்பில இடம் இல்லை என்று அங்க அழிச்சுப்போட்டு இதில மட்டும் வச்சிருந்தால், அதுக்குப் பேர் பெக்கப் இல்லை. இருக்கிற ஒரே மூலப்பிரதியை ஒரு சின்னப் பெட்டியில போட்டு, பஸ்ஸில பையோட கொண்டு திரியிறோம், அவ்வளவுதான்.

படமும் பாட்டும் போனால் திரும்ப இறக்கலாம். அசைன்மென்ட் போனால் ரெண்டு இரவு முழிச்சு எழுதலாம். ஆனால் கலைப்பீடத்து ஆக்கள் ஹாட் டிஸ்க்கில வச்சிருக்கிறது அது மட்டுமா? எண்பது வயது அண்ணாவியார் மூச்சு வாங்க வாங்கப் பாடிக்காட்டின வடமோடி வரவுப்பாட்டு. வைகாசிச் சடங்கில பதிஞ்ச குளிர்த்திப் பாடல். சுனாமியில என்ன போனது என்று நாவலடியில ஒரு அம்மா சொன்ன கதை. அந்த அம்மாட்டப் போய் "பைல் அழிஞ்சிற்று, இன்னொருக்காச் சொல்லுங்க" என்று கேட்கேலுமா? அந்த அண்ணாவியார் அடுத்த வருஷம் இருப்பாரா?

ஹாட் டிஸ்க் ஏற்கனவே மக்கர் பண்ணுதென்டால், பதற முதல் சிலதைப் பாருங்க. வேற வயர், வேற போர்ட், வேற கம்பியூட்டர் மூன்றிலயும் குத்திப் பாருங்க. மின்சாரம் போதாமலும் ட்ரைவ் விழும். யூஎஸ்பி 2.0 போர்ட் தாறது 500 மில்லிஅம்பியர், 3.0 தாறது 900. ஹப்பில குத்தாமல் நேரா லப்டொப்பில குத்துங்க. மற்றக் கம்பியூட்டரில ஒழுங்கா வேலை செய்தால் சிக்கல் உங்கட லப்டொப்பில. லப்டொப் கொம்பனியின் தளத்தில புது ட்ரைவர் மென்பொருளை இறக்குங்க. பவர் ஒப்ஷனில யூஎஸ்பியைத் தூங்கவைக்கிற வசதியை நிப்பாட்டுங்க. ட்ரைவ் காட்டவே இல்லையா? ஸ்டார்ட் பட்டனில ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மனேஜ்மென்டைத் திறங்க. அங்க ட்ரைவ் இருந்து, எழுத்து மட்டும் இல்லாட்டி, ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும்.

"பாவிக்க முதல் போர்மட் பண்ண வேணும்" என்று விண்டோஸ் கேட்டால் கென்சலை அமத்துங்க. பிழை திருத்துற கட்டளைகளையும் உடனே ஓட்டாதீங்க, அதுகள் டிஸ்க்கில மாற்றி எழுதும். முதல்ல எடுக்கக்கூடியதை எல்லாம் வேற இடத்துக்கு எடுங்க, திருத்துறது மறுகா. "டக் டக்" என்று சத்தம் வந்தால் கழட்டி வச்சிற்று, டேட்டா மீட்கத் தெரிஞ்ச ஆளிட்டக் கொடுங்க. ஒவ்வொரு முறை குத்திப் பார்க்கேக்கையும் நிலைமை மோசமாகும்.

இதெல்லாம் வந்த பின் காப்பு. வருமுன் காப்புக்கு எங்கட ஊரிலயே ஒரு பாடம் இருக்கு. கூத்துப் பழகத் தொடங்கேக்க சட்டங் கொடுத்தல் என்று ஒரு சடங்கு. அவரவர் ஆடுற பாத்திரத்தின் பாட்டையும் வசனத்தையும் எழுதி, ஆளுக்கு ஆள் கையில கொடுப்பார்கள். முழு ஏடு அண்ணாவியாரிடம், பகுதிகள் ஆடுறவர்களிடம், பாட்டு ஊரின் காதில. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிடுங்கியது. 2004இல் கடல் வந்தது. நடுவில யுத்தம். இவ்வளவுக்குப் பிறகும் கூத்து இருக்கென்டால், அது ஒரே பெட்டிக்குள்ள பூட்டி வைக்கப்படாததும் ஒரு காரணம்.

அதனால நான் சொல்றது இதுதான். ஆய்வைப் பைண்ட் பண்ணி ஒப்படைக்கேக்க, களத்தில எடுத்த ஒலிப்பதிவையும் துறை சேர்த்துக் கேட்க வேணும். ஒரு கொப்பி துறையில. ஒரு கொப்பி பாடினவரின் வீட்டுக்கு. அது அவர்களுடைய சொத்து, நாங்கள் இரவல் வாங்கினவர்கள். அவர்கள் சம்மதிச்சால் ஒரு கொப்பி நூலகம் நிறுவனத்துக்கு. ஈழத்து எழுத்துகளை 2005இல் இருந்து இணையத்தில சேர்த்து வாற நூலகம், ஒலியையும் சேர்த்து வைக்குது. துறை கேட்கும்வரை நாங்கள் காத்திருக்கவும் தேவையில்லை. பாடினவரின் பேரப்பிள்ளையின் போனுக்கு அனுப்பிவிட டேட்டா காட் ஒன்று போதும்.

அடுத்த அப்டேட் வரத்தான் போகுது. அதுவும் எதையாவது உடைக்கும். "மறுகா பாப்பம்" என்று நாங்கள் தள்ளிப்போடுற ஒவ்வொரு கிழமையும் அண்ணாவியாருக்கும் வயது போகுது, ஹாட் டிஸ்க்குக்கும் வயது போகுது. இதில எது முதல்ல நிக்கும் என்று மைக்ரோசொப்டுக்கும் தெரியாது.