தாமிரம் இருந்தும்

ஜாம்பியா விடுதலை பெற்ற நாள் 1964 அக்டோபர் 24. வடக்கு ரொடீசியா என்ற பெயர் அன்றோடு ஒழிந்தது. கிட்வே, சிங்கோலா, முஃபுலிரா சுரங்கங்கள் அடங்கிய தாமிரப் பட்டையிலிருந்துதான் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு வந்தது. நாட்டின் பட்டதாரிகளோ ஏறத்தாழ நூறு பேர். அண்மையில் பரிசு பெற்ற ஒரு கட்டுரை நூல் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, ஆளத் தெரியாதவர்கள் கையில் செல்வம் சிக்கியதே ஆப்பிரிக்காவின் கதை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டது. பரிசுக் குழுவுக்கு இது துணிச்சலாகத் தெரிந்திருக்கிறது.

செல்வம் முதலில் கைக்கு வந்ததா? விடுதலைக்கு முந்தைய நாள்வரை நிலத்தடிக் கனிமத்தின் உரிமை அரசிடம் இல்லை. சிசில் ரோட்ஸ் தொடங்கிய பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனியிடம் இருந்தது. ஆட்சிப் பொறுப்பை 1924-இல் லண்டனிடம் ஒப்படைத்த கம்பெனி, ராயல்டியை மட்டும் விடவில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஒப்பந்தங்களில் முக்கியமானது, லோசி மன்னர் லெவானிக்காவோடு 1890-இல் செய்துகொண்டது. லெவானிக்காவின் நாடு மேற்கே சாம்பசி ஆற்றுச் சமவெளி. தாமிரப் பட்டை தம் ஆளுகைக்கு வெளியே இருந்த மன்னரின் கையெழுத்தைக் காட்டித்தான் கம்பெனி ராயல்டி வசூலித்தது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு திருவள்ளூர்ப் பக்கம் பெருகிய போலிப் பட்டா வழக்குகளை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல.

விடுதலை விழாவையொட்டி தலைநகர் லுசாகாவின் அரசு மாளிகைத் தோட்டத்தில் விருந்து நடந்தது. அங்கே தேநீர்க் கூடாரத்தின் பின்புறம் நிதியமைச்சர் ஆர்தர் வினாவும் கம்பெனித் தலைவரும் சில நிமிடங்களில் பேசி முடித்தார்கள். கனிம உரிமைக்கு விலை நாற்பது லட்சம் பவுண்டு. பாதி பிரிட்டன், பாதி ஜாம்பியா. பிறக்கவிருந்த நாடு தன் மண்ணுக்குத் தானே விலை கொடுத்தது. பட்டதாரிகளை எண்ணுகிறவர்கள் இந்தத் தொகையையும் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ராயல்டி போன வழியில் பள்ளிக்கூடம் இல்லை. அதனால்தான் பட்டதாரிகள் நூறு பேர். ஒன்று மற்றதன் விளைவாயிருக்க, நூலாசிரியர் இரண்டையும் முரணாகக் கண்டு வியக்கிறார். ஆப்பிரிக்காவின் ஐம்பத்து நான்கு நாடுகளை ஒரே நாடாக்கிப் பேசும் பயணக் கட்டுரை மரபு தமிழுக்குப் புதிதல்ல. பரிசு கிடைப்பதுதான் புதிது.

ஜாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டா 1969 ஆகஸ்டில் லுசாகாவின் மட்டேரோவில் பேசியபோது, சுரங்கங்களின் 51 சதவீதப் பங்கை அரசு எடுக்கும் என்றார். அதற்கு மூன்று வாரம் முன்புதான் இந்தியாவில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருந்தன. காலனி எதிர்ப்புச் சிந்தனையாளர்களான ஃபனானும் நெக்ரூமாவும் தேநீர்க்கடைப் பேச்சில் புழங்கிய காலம் அது. காந்தியைப் படித்த கவுண்டாவின் மனிதநேயவாதமும் அதில் சேர்ந்துகொண்டது. அந்த உற்சாகத்தை இன்று கேலி செய்வது எளிது. ஆனால் லுசாகாவில் மாறியது பங்கு மட்டுமே. நிர்வாகமும் விற்பனையும் 1973 வரை ஒப்பந்தப்படி பழைய சுரங்கக் கம்பெனிகளிடமே இருந்தன. விலையோ லண்டன் உலோகச் சந்தையில் தீர்மானமாயிற்று. எழுபதுகளின் நடுவில் அது சரிந்தது, எண்ணெய் விலை ஏறியது, கடன் வளர்ந்தது. தெற்கே ரொடீசியப் பாதை அடைபட, சீனா 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டு தாருஸ்ஸலாம் துறைமுகத்தோடு இணைத்தது. இடையில் ஒற்றைக் கட்சி ஆட்சியும் வந்தது. அதற்கு லண்டனைப் பழிக்க முடியாது.

1991 தேர்தலில் தோற்ற கவுண்டா அமைதியாக விலகினார். கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி சுரங்கங்கள் விற்பனைக்கு வந்தன. 2004-இல் கொன்கோலா சுரங்கங்களின் 51 சதவீதம் இரண்டரைக் கோடி டாலருக்கு வேதாந்தாவிடம் போயிற்று. தூத்துக்குடித் தாமிர ஆலையும் அதே குழுமத்தினுடையது. 2008-இல் விலை உச்சத்தில் இருந்தபோது ஜாம்பியா விதித்த மிகைலாப வரி, மறு ஆண்டே நீக்கப்பட்டது. ஆறு மாசுபட்டதாகச் சிங்கோலா கிராம மக்கள் வேதாந்தாமீது தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் தூத்துக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்து ஆலை மூடப்பட்டிருந்தது. தமிழில் எழுதப்பட்ட அந்தப் பரிசு நூலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஜாம்பியாவின் கப்வே ஈயச் சுரங்கம் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு ஓடி 1994-இல் மூடப்பட்டது. ஈயம் இன்றும் அந்த ஊர்க் குழந்தைகளின் இரத்தத்தில் இருக்கிறது. பழைய பேட்டரியை உருக்கி ஈயமெடுக்கும் கும்மிடிப்பூண்டியில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கப்வே சுரங்கத்தோடு முன்பு தொடர்பிருந்த கம்பெனிமீது ஜோகன்னஸ்பர்கில் தொடுத்த வழக்கைக் கூட்டு வழக்காக ஏற்க 2023 டிசம்பரில் நீதிமன்றம் மறுத்தது.

2020 நவம்பரில் நான்கு கோடியே இருபத்தைந்து லட்சம் டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் ஜாம்பியா கடன் தவறியது. கடன்பத்திரக்காரர்களோடு உடன்பாடு எட்ட 2024 ஆயிற்று.